பாறை மேல் ஒரு பருவச் செடி: சகியாத்திரி மேட்டுநிலக் காசித்தும்பையும் அதன் வாழிடமும்

தாவரங்களை அவற்றின் ஆயுட்காலத்தைக் கொண்டு ஒருபருவச் செடிகள், இருபருவச் செடிகள், பல்லாண்டுத் தாவரங்கள் என மூவகையாகப் பிரிப்பது தாவர நூலில் நெடுநாளைய வழக்கம். ஒருபருவச் செடி என்பது விதையினின்று முளைத்து, வளர்ந்து, பூத்து, காய்த்து, விதைகளை உதிர்த்துவிட்டு, ஓராண்டிற்குள் வேரோடு மடிந்து போவதாகும். எள், உளுந்து, கொள்ளு முதலியன யாவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றின் விதையை உழவர் அறுவடைக்குப் பின் உலர்த்திக் குதிரிலோ பானையிலோ காப்பாற்றி வைத்து, அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கின்றனர். ஆனால் காட்டிலும் மேட்டிலும் தானாக வாழும் ஒருபருவச் செடிக்கு விதையைக் காப்பாற்றுவோர் எவருமில்லை. அதற்குக் குதிர் அது நிற்கும் நிலமே. அந்நிலம் கெடுமாயின் செடியும் அத்துடன் முடிந்தது.

இவ்வுண்மையை விளக்குவதற்கு ஏற்றதொரு செடி, மகாராஷ்டிர மாநிலத்தின் சகியாத்திரி மலைத்தொடரில், செம்புறைக்கல் படிந்த உயர்ந்த மேட்டுநிலங்களில் வளருகின்றது. அதன் தாவரவியற் பெயர் இம்பேஷன்ஸ் லாவி. தமிழில் அதற்குத் தனிப்பெயர் இல்லாமையால், இக்கட்டுரையில் அது பாறைக் காசித்தும்பை எனக் குறிக்கப்படுகின்றது.

செடியும் அதன் உறவினமும்

வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் காசித்தும்பை தமிழ்நாட்டில் சிறுவரும் அறிந்த செடி. முற்றிய காயைத் தொட்டவுடன் அது வெடித்துச் சுருள்வதைக் கண்டு மகிழாத குழந்தைகள் இல்லை. அச்செடி இம்பேஷன்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தின் 200க்கு மேற்பட்ட இனங்கள் இந்தியாவில் உள்ளன. கிழக்கு இமயமலைப் பகுதியும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இவற்றின் இரு பெரும் உறைவிடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் காசித்தும்பை இனங்களுள் மிகப் பல உலகில் வேறெங்கும் காணப்படாதவை.

மராத்தி மொழியில் காசித்தும்பையைத் 'தேரடா' என்பர். தேரடாவின் நிறம் மூன்றே நாள் என்பது அம்மக்களிடையே வழங்கும் பழமொழி. மகாராஷ்டிரத்தின் பல பகுதிகளில் ஆவணி-புரட்டாசிக் காலத்தில் நிகழும் கௌரி பூசையில் காட்டுத் தேரடாச் செடிகள் இடம்பெறுகின்றன. இதனின்று இவ்வினச் செடிகள் அப்பகுதி மக்களின் வாழ்க்கையுடன் எத்துணை நெருங்கியவை என்பது விளங்கும்.

பாறைக் காசித்தும்பை தோட்டத்துக் காசித்தும்பையைக் காட்டிலும் மிகச் சிறியது. அது ஒரு சாண் உயரத்திற்கு மேல் வளர்வது அரிது. தண்டு சாறு நிறைந்து மெலிந்திருக்கும். இலைகள் குறுகி, தண்டை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும். பூக்கள், சிவப்பும் ஊதாவும் கலந்த மென்னிறம் உடையவை. செடியின் அளவை நோக்கப் பெரியவை. செடிகள் தனித்தனியாக நில்லாமல் ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்று ஒரே காலத்தில் பூப்பதால், செப்டம்பர் மாதத்தில் பாறைத்தளம் முழுவதும் ஊதா நிறப் படாம் விரித்தாற்போல் தோன்றும்.

இவ்வினத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோசப் டால்டன் ஹூக்கர், தாமஸ் தாம்சன் என்னும் தாவரவியலறிஞர் இருவர் விவரித்து வெளியிட்டனர். பம்பாய் மாகாணத்து ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே தாவரங்களைச் சேகரித்த லா என்பவரின் பெயரே இதற்கு இடப்பட்டது.

வாழிடத்தின் தோற்றம்

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தக்காணத்தில் நிலப்பிளவுகளின் வழியே எரிமலைக் குழம்பு அடுத்தடுத்து வெளிப்பட்டுப் பரந்து உறைந்தது. அவ்வாறு உண்டான கரிய பாறைப் படிவுகளே சகியாத்திரியின் வடபகுதியாக நிற்கின்றன. இப்பாறையின் மேற்பரப்பு நெடுங்காலம் வெப்பத்திற்கும் கனமழைக்கும் ஆட்பட்டபோது, மணற்சத்தும் சுண்ணம் முதலிய உப்புக்களும் நீரில் கரைந்து நீங்கின. இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சி இறுகின. இவ்வாறு உண்டான, துளைகள் மலிந்த, செங்கல் நிறமுடைய பாறையே செம்புறைக்கல். கேரளத்தின் அங்காடிப்புரம் என்னும் ஊரில் மக்கள் இக்கல்லை வெட்டி எடுத்து வீடு கட்டுவதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று 'லாட்டரைட்' என்னும் பெயரை 1807-இல் வெளியான தமது நூலில் வழங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் அறிவியற் பெயர் இவ்வாறு தென்னிந்தியாவில் பிறந்ததேயாகும்.

சகியாத்திரியின் உச்சிகளில் இச்செம்புறைக்கல் மேசைபோல் தட்டையான பரப்புகளாக அமைந்துள்ளது. அவ்வூர் மக்கள் இவற்றைப் 'பதார்' என்றும் 'சடா' என்றும் அழைக்கின்றனர். இவற்றுள் புகழ்பெற்றது சதாரா நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஸ் மேட்டுநிலம். இது கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 1,000 ஹெக்டேர். ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அம்மழையில் மிகப் பெரும் பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களுக்குள் பெய்துவிடும். எஞ்சிய எட்டு மாதங்கள் பெரும்பாலும் வறட்சியே. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டபோது காஸ் மேட்டுநிலமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

இந்நிலத்தில் மண் மிகக் குறைவு. பல இடங்களில் அதன் ஆழம் சில சென்டிமீட்டரே. அம்மண்ணும் அமிலத்தன்மை உடையது. நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துக்கள் குன்றியது. மழைக்காலத்தில் நீர் வடிய வழியின்றித் தேங்கும். கோடையில் பாறை வெறுங்காலால் மிதிக்க இயலாவண்ணம் சுடும். ஓராண்டின் ஒரு பகுதி சதுப்பு, மறுபகுதி பாலை என்னுமாறு அமைந்த இவ்விடத்தில் மரங்கள் வேரூன்றி நிற்க இயலாது. பல்லாண்டுப் புற்களும் அடர்ந்து வளர முடிவதில்லை. வலிய தாவரங்கள் புக முடியாத இவ்விடமே சிறிய ஒருபருவச் செடிகளுக்குப் புகலிடமாகின்றது. ஆகவே பாறைக் காசித்தும்பைக்கு இந்நிலத்தின் வறுமை ஒரு குறையன்று. அதுவே அச்செடியைக் காக்கும் அரண்.

சத்துக் குறைவுக்கு வேறொரு சான்றும் இங்கே உண்டு. பூச்சிகளைப் பிடித்து அவற்றின் உடலினின்று நைட்ரஜனைப் பெறும் தாவரங்கள் இம்மேட்டுநிலங்களில் மிகுதி. இலைமயிர்களில் பசைத்துளி தாங்கிய டிரோசெரா என்னும் பனித்துளிச் செடியும், நுண்ணிய பைகளால் நீரிலுள்ள சிற்றுயிர்களை உறிஞ்சிப் பிடிக்கும் யூட்ரிகுலேரியா என்னும் செடியும் பாறைக் காசித்தும்பையின் அண்டையில் வாழ்கின்றன.

ஒரே தளத்தில் பல வாழிடங்கள்

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மேட்டுநிலம் முழுவதும் ஒரே தன்மையாகத் தோன்றும். அருகிற்சென்று ஆராய்வார்க்கு அது பல சிறு வாழிடங்களின் தொகுதி என்பது புலனாகும். அவற்றுள் இன்றியமையாதவை பின்வருவன:

1. வெறும் பாறைப் பரப்பு. இங்கே பாசிகளும் பாறைப்பூஞ்சைகளும் மெல்லிய தோல்போல் படர்ந்துள்ளன. சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்த வல்லவை.

2. பாறை வெடிப்புகள். இவற்றில் கிழங்குடைய செடிகளும் சில புதர்களும் வேரூன்றுகின்றன.

3. மண் நிறைந்த ஆழமற்ற பள்ளங்கள். ஒருபருவச் செடிகள் கூட்டங்கூட்டமாக வளர்வது பெரும்பாலும் இங்கேதான்.

4. மழைநீர் மெல்லிய படலமாகக் கசிந்தோடும் சரிவுகள். எரியோகாலான் என்னும் வெண்பொத்தான் போன்ற பூங்கொத்துடைய செடிகளும் யூட்ரிகுலேரியாவும் இங்கே மிகுதி.

5. மழைக்காலக் குட்டைகள். சில வாரங்களே நீர் நிற்கும் இவற்றிலும் தனித்தன்மை வாய்ந்த நீர்த்தாவரங்கள் உண்டு. அப்போனோஜிடான் சதாரென்சிஸ் என்பது சதாராவின் பெயரையே தாங்கிய அத்தகைய ஒரு தாவரம்.

இவை ஒன்றற்கொன்று சில அடி தூரத்திலேயே அமைந்திருக்கலாம். பத்து சென்டிமீட்டர் உயர வேறுபாடும், நீர் ஓடும் திசையிற் சிறு மாறுதலும் ஓரிடத்தில் எச்செடி வளரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆதலின் ஒரு வண்டித்தடம் பதிந்து நீரோட்டம் திரும்பினாலும் அதன் கீழ்ப்புறத்துச் செடிக்கூட்டம் மாறிவிடும்.

ஓராண்டின் வரலாறு

ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுநிலம் கருகிய தோற்றமுடையது. பாறைக் காசித்தும்பையின் இலையோ தண்டோ வேரோ எங்கும் இல்லை. அதன் மரபு முழுவதும் அப்போது மண்ணிற் கிடக்கும் விதைகளிலேயே அடங்கியுள்ளது. கிழங்குடைய செடிகளுக்கு நிலத்தடியில் உணவுச் சேமிப்பு உண்டு. ஒருபருவச் செடிக்கு விதையைத் தவிர வேறு சேமிப்பு இல்லை.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகின்றது. முதலிற் பூப்பவை கிழங்குச் செடிகள். முந்தைய ஆண்டு சேமித்த உணவு இருத்தலால் அவை சில நாட்களிலேயே மலர்ந்துவிடுகின்றன. ஒருபருவச் செடிகளோ விதையினின்று தொடங்க வேண்டியவை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அவை முளைத்து இலைவிட்டுப் பெருகுகின்றன. ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் மழை தணிந்து இடையிடையே வெயில் எறிக்கும்போது அவை ஒருங்கே பூக்கின்றன. பாறைக் காசித்தும்பையின் ஊதா, ஸ்மிதியாவின் மஞ்சள், எரியோகாலானின் வெண்மை, யூட்ரிகுலேரியாவின் நீலம் எனத் தளம் நாளுக்கு நாள் நிறம் மாறும். அக்டோபரில் மழை நீங்க, மெல்லிய மண் விரைவில் உலர்கின்றது. சாறு நிறைந்த தண்டுகள் வாடிச் சாய்கின்றன. அதற்கு முன்னரே காய்கள் முற்றி வெடித்திருக்க வேண்டும். முளைத்தல் முதல் விதை உதிர்தல் வரையிலான வாழ்க்கை முழுவதற்கும் இச்செடிக்குக் கிடைக்கும் காலம் நான்கு மாதத்திற்குச் சிறிதே மிகுதி.

பூவும் விதையும்

காசித்தும்பை இனப் பூக்களில் புறவிதழ் ஒன்று பூவிதழ்போல் நிறம்பெற்று, பின்புறம் குழலாக நீண்டிருக்கும். இக்குழலின் நுனியில் தேன் உண்டு. தேனை நாடி வரும் பூச்சி பூவின் வாயிலில் தலையை நுழைக்கும்போது, மேலே கூரைபோல் அமைந்த மகரந்தப்பைகள் அதன் முதுகில் மகரந்தத்தைப் பூசுகின்றன. ஐந்து மகரந்தத் தாள்களும் ஒன்றாக இணைந்து சூலகமுடியைத் தொப்பிபோல் மூடியிருக்கும். சில காலம் கழித்து அத்தொப்பி கழன்று விழுந்த பின்னரே சூலகமுடி மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடைகின்றது. எனவே இளம்பூவிலிருந்து முதிர்ந்த பூவிற்கு மகரந்தம் செல்ல வேண்டும். அப்பணியைப் பூச்சிகளே செய்கின்றன. மேட்டுநிலத்தைச் சூழ்ந்த காடுகளிலும் பாறைப் பிளவுகளிலும் கூடுகட்டி வாழும் தேனீக்களும் பிற பூச்சிகளும் குறையுமாயின், அவற்றின் வருகையை நம்பியுள்ள செடிகளில் விதைப்பேறும் குறையும்.

முற்றிய காயின் ஐந்து ஓடுகளும் விறைத்து நிற்கும். மெல்லத் தொட்டாலும் அவை உள்நோக்கிச் சுருண்டு விதைகளை வீசி எறியும். இவ்வாற்றலினால் விதை செல்லும் தூரம் சில அடிகளே. ஒரு மேட்டுநிலத்திற்கும் அடுத்த மேட்டுநிலத்திற்கும் இடையே பல கிலோமீட்டர் அகன்ற பள்ளத்தாக்குகளும் அடர்ந்த காடுகளும் உள்ளன. அவ்விடங்கள் இச்செடிக்கு வாழத் தகுதியற்றவை. கடல் நடுவே தீவுகள் இருப்பதுபோல் இம்மேட்டுநிலங்கள் ஒன்றையொன்று பிரிந்து நிற்கின்றன. ஒரு தீவில் அழிந்த செடி, மற்றொரு தீவினின்று தானே வந்து குடியேறும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

விதைச் சேமிப்பின் கணக்கு

மழை தொடங்கியவுடன் எல்லா விதைகளும் முளைத்துவிடின் செடிக்கு ஆதாயம் மிகுதி எனத் தோன்றும். ஆனால் முதல் மழைக்குப் பின் நீண்ட வறட்சி நேருமாயின் முளைத்தன யாவும் மடியும். டான் கோஹென் என்னும் உயிரியலறிஞர் 1966-இல் இதனைக் கணித முறையில் ஆராய்ந்து, நிச்சயமற்ற பருவநிலையில் வாழும் ஒருபருவச் செடிகளுக்கு விதைகளில் ஒரு பகுதி முளைக்காமல் மண்ணில் தங்குவது நன்மை தரும் என விளக்கினார். வகுப்பில் இதனைப் பின்வரும் கற்பனைக் கணக்கால் எளிதில் உணர்த்தலாம்.

இரு செடிக்கூட்டங்களுக்கும் தொடக்கத்தில் 1,000 விதைகள் உள்ளன எனக் கொள்க. நல்ல ஆண்டில் முளைத்த ஒவ்வொரு விதையும் மூன்று விதைகளைத் தரும். தீய ஆண்டில் முளைத்தவை யாவும் அழியும். முதற் கூட்டத்தில் ஆண்டுதோறும் எல்லா விதைகளும் முளைக்கின்றன. இரண்டாம் கூட்டத்தில் பாதி முளைக்கின்றது, பாதி தங்குகின்றது. நல்ல ஆண்டு, தீய ஆண்டு, நல்ல ஆண்டு என மூன்று ஆண்டுகள் வருகின்றன. முதற் கூட்டம் முதலாண்டு முடிவில் 3,000 விதைகளைப் பெற்று, இரண்டாம் ஆண்டில் ஒன்றுமில்லாமற் போகின்றது. மூன்றாம் ஆண்டு நல்லதாயினும் அதற்குப் பயனில்லை. இரண்டாம் கூட்டத்தின் விதைகள் முறையே 2,000, 1,000, 2,000 ஆகின்றன. பெருக்கம் குறைவே, ஆயினும் மரபு அழியவில்லை.

இக்கணக்கினின்று அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, தரைக்கு மேல் காணப்படும் பூக்களின் எண்ணிக்கை மட்டும் ஒரு செடிக்கூட்டத்தின் நலத்தைக் காட்டாது. மண்ணில் உள்ள விதைகளையும் கருத வேண்டும். இரண்டாவது, மேட்டுநிலத்தில் இவ்விதைகள் அனைத்தும் கிடப்பது சில சென்டிமீட்டர் மண்ணிலேயே. சாலை போடுவதற்காகவோ பிற பணிக்காகவோ அம்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்தால், பல ஆண்டுகளில் சேர்ந்த விதை ஒரே நாளில் நீங்கிவிடும்.

அருமை என்பதன் பொருள்

செப்டம்பரில் காஸ் மேட்டுநிலத்தைக் காண்பவர், இத்துணை மிகுதியாகப் பூத்திருக்கும் செடியை அரியது என்பது எவ்வாறு பொருந்தும் என ஐயுறுவர். டெபோரா ராபினோவிட்ஸ் என்னும் அறிஞர் 1981-இல் அருமையை மூன்று வினாக்களால் ஆராய வேண்டும் எனக் காட்டினார். செடி பரவியுள்ள நிலப்பரப்பு அகன்றதா, குறுகியதா? அது பலவகை வாழிடங்களில் வாழ்வதா, ஒரே வகை வாழிடத்தில் மட்டும் வாழ்வதா? வாழும் இடத்தில் அதன் எண்ணிக்கை மிகுதியா, குறைவா? இவ்வினாக்களின் விடைகளை இணைத்தால் எட்டு வகைகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்று மட்டுமே எவ்வகையாலும் பொதுவான தாவரம். ஏனைய ஏழும் ஏதேனும் ஒரு வகையில் அரியவை.

பாறைக் காசித்தும்பை வாழும் இடத்தில் மிகுதி. ஆனால் அதன் பரப்பு சகியாத்திரியின் ஒரு பகுதியோடு குறுகியது. வாழிடமோ செம்புறைப் பாறைத்தளம் என்னும் ஒன்றே. பணம் முழுவதையும் ஒரே பெட்டியில் வைத்தவரின் நிலை இதற்கு ஒப்பாகும். பெட்டி நிறைந்திருக்கும் வரையில் அவர் செல்வரே. பெட்டி போனால் ஏதுமில்லாதவர். களப்பணியாளர் 'இங்கே ஏராளமாக உள்ளது' என எழுதும் குறிப்பு இவ்விடத்தில் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

தரிசு என்னும் பெயரால் வரும் கேடு

நிலப் பதிவேடுகளில் பயிரிடப்படாத பாறை நிலம் நெடுங்காலமாகத் தரிசு எனப்பட்டு வருகின்றது. 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் வெற்றுப் பாறை நிலம் தரிசின் ஒரு வகையாக இடம்பெற்றது. உழவுக்கு உதவாது என்னும் பொருளில் இப்பெயர் தவறன்று. ஆனால் ஒன்றுக்கும் உதவாதது எனக் கொள்ளும்போது, அந்நிலத்தை எதற்கும் கொடுக்கலாம் என்னும் எண்ணம் பிறக்கின்றது. கோலாப்பூர் மாவட்டத்து மேட்டுநிலங்களில் அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட்டு வெட்டப்பட்டுள்ளது. சதாராவை அடுத்த சால்கேவாடி மேட்டுநிலத்தில் காற்றாலைகள் நிறுவப்பட்டு, அவற்றிற்குச் சாலைகளும் அமைந்துள்ளன. மின்சாரமும் உலோகமும் நாட்டிற்குத் தேவையே. எனினும், தரிசு என்னும் ஒரு சொல்லை மட்டும் கண்டு, கோடையில் ஒருமுறை பார்வையிட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதால், அங்கு என்ன இழக்கப்படுகின்றது என்பதே தெரியாமற் போகின்றது.

நல்லெண்ணத்தாலும் கேடு விளைவதுண்டு. 1950-இல் க. மா. முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் நாடெங்கும் ஜூலை மாதத்தில் மரம் நடும் விழாவாக நடைபெறுகின்றது. அழிந்த காட்டிற்கு இது பெருநன்மை. ஆனால் இயற்கையாகவே மரமற்ற பாறைத்தளத்தில் குழி தோண்டி, வேற்று மண் இட்டு, எருவிட்டு மரம் நடும்போது மூன்று தீமைகள் சேர்கின்றன. இறுகிய தளம் உடைந்து நீர்நிலை மாறுகின்றது. வேற்று மண்ணுடன் களைவிதைகள் வருகின்றன. சத்து மிகுவதால் உயர்ந்த புற்கள் வளர்ந்து சிறு செடிகளின் ஒளியை மறைக்கின்றன. மேலும் ஜூலை என்பது ஒருபருவச் செடிகளின் நாற்றுக்கள் தரையை விட்டெழும் மாதம். நடுவோரின் கால்களின் கீழ் அவை நசுங்குகின்றன.

மேட்டுநிலத்தால் மனிதர்க்கு நேரும் பயனும் மறக்கத்தக்கதன்று. துளைகள் மலிந்த செம்புறைக்கல் மழைநீரை ஏற்று, அடிவாரத்து ஊற்றுக்களின் வழியே மெல்ல வெளிவிடுகின்றது. காஸ் ஏரியின் நீர் சதாரா நகருக்குக் குடிநீராகின்றது. பூவைக் காக்கும் நிலமே ஊருக்கு நீரும் தருகின்றது.

வேலியும் மேய்ச்சலும்

காஸின் பூக்கள் புகழ்பெற்ற பின்னர்ப் பருவந்தோறும் காண்போர் திரண்டனர். பூக்களின் நடுவே நடத்தல், அமர்ந்து படம் பிடித்தல், வாகனங்களை ஓரத்தில் நிறுத்துதல் ஆகியவற்றால் செடிகள் விதை முற்றுமுன் நசுங்கின. ஆகவே நுழைவுக் கட்டணமும், நாளொன்றுக்கு வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் விதிக்கப்பட்டன. சுற்றியுள்ள சிற்றூர் மக்களின் கூட்டு வனக் குழுக்கள் மேற்பார்வையிற் பங்குகொண்டன. கம்பி வேலியும் அமைக்கப்பட்டது.

ஆனால் வேலி கால்நடைகளையும் தடுத்தது. இம்மேட்டுநிலங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடுமாடுகள் மேய்ந்து வந்துள்ளன. அளவான மேய்ச்சல் உயர்ந்த புற்களைக் குறைத்து, தரையொட்டிய செடிகளுக்கு வெளிச்சம் தருவது. மிகையான மேய்ச்சல் நாற்றையும் பூவையும் சேர்த்து அழிப்பது. வேலியிட்ட பின் புல்லும் புதரும் மிகுந்து பூக்கள் குறைந்தன என்னும் கருத்து எழுந்தது. பின்னர் வேலி அகற்றப்பட்டது. இந்நிகழ்ச்சியினின்று கற்கத்தக்கது யாதெனின், ஒரு நிலத்தைக் காப்பதற்கு முன்னர் அது இதுகாறும் எவ்வாறு பயன்பட்டு வந்தது என்பதை அறிதல் வேண்டும் என்பதே. அவ்வறிவு பெரும்பாலும் அவ்வூர் முதியோரிடமும் இடையரிடமும் உள்ளது.

களப்பணியாளர்க்குச் சில குறிப்புகள்

பின்வரும் முறைகள் காஸ் மேட்டுநிலத்திற்கு மட்டுமன்றி, ஒருபருவச் செடிகள் வாழும் எப்பாறைத்தளத்திற்கும் பொருந்தும்.

1. ஒரே இடத்தை ஆண்டில் மூன்று முறையேனும் காண வேண்டும்: மழைக்கு முன், பூக்கும் காலத்தில், மழை நின்ற பின். கோடைக் காட்சியை மட்டும் கொண்டு 'தாவரமில்லை' என எழுதலாகாது.

2. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மரச்சட்டத்தைக் குறித்த இடங்களில் வைத்து, உள்ளே நிற்கும் செடிகளை இனவாரியாக எண்ண வேண்டும். ஆண்டுதோறும் அதே இடத்தில், பருவத்தின் அதே கட்டத்தில் எண்ணினால்தான் ஒப்பிட இயலும்.

3. ஒரு தீய ஆண்டின் எண்ணிக்கையைக் கண்டு அழிவு என்றும், ஒரு நல்ல ஆண்டின் எண்ணிக்கையைக் கண்டு வளர்ச்சி என்றும் முடிவு செய்தலாகாது. பல ஆண்டுகளின் போக்கே உண்மையைக் காட்டும்.

4. மண்ணின் ஆழம், நீர் தேங்கும் நாட்கள், மேய்ச்சலின் அளவு, தீ, வண்டித்தடம் ஆகியவற்றைச் செடிக்கணக்குடன் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

5. ஒரு மேட்டுநிலத்து விதையை மற்றொன்றில் தூவுவதும், செடியைப் பெயர்த்து நடுவதும் தவிர்க்கத்தக்கவை. ஒவ்வொரு தளத்தின் கூட்டமும் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தது என்பது நினைவிலிருக்க வேண்டும்.

6. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சிக் குழுக்கள், மக்கள் உயிரியற் பன்மைப் பதிவேடு தயாரிக்கின்றன. பாறைத்தளத்தின் செடிகளை அதில் பதியச் செய்தல் வேண்டும். எழுத்தில் ஏறிய செடியைப் பற்றி, நிலம் மாற்றப்படும்போது எவரேனும் வினவக்கூடும். ஏறாத செடிக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

வகுப்பிற் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் தோட்டத்துக் காசித்தும்பையைக் கொண்டே இப்பாடத்தின் பெரும்பகுதியை நடத்தலாம். இளம்பூ, முதிர்ந்த பூ இரண்டையும் ஒப்பிட்டு மகரந்தத் தொப்பி கழன்ற நிலையை மாணவர்க்குக் காட்டலாம். தரையில் வெள்ளைத் துணி விரித்து, முற்றிய காயை அதன் நடுவே வெடிக்கச் செய்து, விதைகள் சென்ற தூரத்தை அளந்து பட்டியலிடலாம். பள்ளியின் அருகே பாறையோ சரளை மேடோ இருப்பின், மழைக்கு முன் அங்கிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, தட்டில் பரப்பி நீர் தெளித்து, முளைக்கும் நாற்றுக்களை எண்ணச் செய்யலாம். வெறுமையாகத் தோன்றிய மண்ணில் உயிர் உறங்குவதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அரிய செடிகள் வாழும் இடமாயின் மண் எடுத்தலைத் தவிர்க்க.

வினாக்கள்

1. ஒருபருவச் செடியும் கிழங்குச் செடியும் வறட்சிக் காலத்தைக் கடக்கும் முறைகளை ஒப்பிடுக.

2. செம்புறைப் பாறைத்தளத்தில் மரங்கள் வளராமைக்குரிய காரணங்கள் யாவை? அது பாறைக் காசித்தும்பைக்கு எவ்வாறு நன்மையாகின்றது?

3. விதைச் சேமிப்புக் கணக்கில் இரண்டு தீய ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் இரண்டாம் கூட்டத்தின் நிலை யாதாகும்?

4. ஓரிடத்தில் ஏராளமாகக் காணப்படும் செடியையும் அரியது எனக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

5. உம் ஊரில் தரிசு எனப் பெயர்பெற்ற நிலம் ஒன்றை ஆண்டின் மூன்று பருவங்களிலும் சென்று கண்டு, அங்கு வாழும் செடிகளின் பட்டியலைத் தயார் செய்க. அந்நிலத்திற்கு அப்பெயர் பொருந்துமா என ஆராய்க.